விலங்குகளின் கண்களில் கொழுப்பும் கொலஸ்ட்ராலும் உருவாகும் விதம்

கண்ணின் திசுக்கள் தமக்குத் தேவையான கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள், மெழுகு போன்ற பொருட்களில் பெரும்பகுதியைத் தாமே தயாரித்துக்கொள்கின்றன. விழிவில்லை, விழித்திரை, இமைச் சுரப்பிகள் ஆகிய மூன்றும் இந்த உற்பத்தி நடைபெறும் முக்கிய இடங்கள். எலி, முயல் போன்ற விலங்குகளில் ஹார்டர் சுரப்பி என்ற நான்காவது இடமும் உண்டு.

கொலஸ்ட்ரால் என்றவுடன் இரத்தப் பரிசோதனை முடிவும் மாரடைப்பும்தான் பலருடைய நினைவுக்கு வருகின்றன. ஆனால் கண்ணைப் பொறுத்தவரை, கொலஸ்ட்ரால் இல்லாமல் தெளிவான பார்வை இல்லை. அதன் உற்பத்தி தடைபட்டால் விழிவில்லை மங்கிக் கண்புரை உண்டாகலாம் என்பதை விலங்குச் சோதனைகளும், ஒரு மருந்தால் மனிதருக்கு ஏற்பட்ட பாதிப்பும், சில மரபு நோய்களும் காட்டியுள்ளன.

கண் ஏன் தானே தயாரிக்க வேண்டும்?

உடலின் மற்ற உறுப்புகள் கொலஸ்ட்ராலை இரண்டு வழிகளில் பெறுகின்றன. ஒன்று, செல்லுக்குள்ளேயே தயாரிப்பது. மற்றொன்று, கல்லீரல் அனுப்பும் எல்.டி.எல். போன்ற கொழுப்புப் புரதத் துகள்களை இரத்தத்திலிருந்து எடுத்துக்கொள்வது. கண்ணில் இந்த இரண்டாவது வழி பல இடங்களில் அடைபட்டோ குறுகியோ இருக்கிறது.

விழிவில்லையில் இரத்தக் குழாய்களே இல்லை. இருந்தால் ஒளி தடைபடும். வில்லையைச் சுற்றியுள்ள முன்கண் நீர்மம் குளுக்கோசையும் அமினோ அமிலங்களையும் கொண்டுவந்து தருகிறது. ஆனால் கொழுப்புப் புரதத் துகள்கள் அந்த நீர்மத்தில் மிகக் குறைவு. வில்லையை மூடியுள்ள உறையும் பெரிய துகள்களை எளிதில் உள்ளே விடுவதில்லை.

விழித்திரைக்கு இரத்தக் குழாய்கள் உண்டு. எனினும் மூளைக்கு இருப்பது போன்ற ஒரு தடுப்புச் சுவர் இரத்தத்துக்கும் விழித்திரைக்கும் இடையே இருக்கிறது. மூளை ஏறத்தாழ முழுவதுமாகத் தன் சொந்த உற்பத்தியையே நம்பியிருக்கிறது. விழித்திரையோ பெரும்பகுதியைத் தானே தயாரித்து, மீதியை இரத்தத்திலிருந்து பெறுகிறது.

உற்பத்தி நடைபெறும் வழி

கண்ணின் செல்களில் கொலஸ்ட்ரால் உருவாகும் வேதிவழி, கல்லீரலில் உள்ள அதே வழிதான். இதன் தொடக்கப் பொருள் அசிட்டைல் கோ-ஏ என்ற இரண்டு கார்பன் துண்டு. சர்க்கரையோ கொழுப்போ செல்லில் சிதையும்போது இது கிடைக்கிறது.

1. மூன்று அசிட்டைல் கோ-ஏ மூலக்கூறுகள் சேர்ந்து எச்.எம்.ஜி. கோ-ஏ உருவாகிறது.
2. எச்.எம்.ஜி. கோ-ஏ ரிடக்டேஸ் என்ற நொதி அதை மெவலோனேட்டாக மாற்றுகிறது. முழு வழியின் வேகத்தையும் பெரும்பாலும் கட்டுப்படுத்துவது இந்தப் படியே. ஸ்டேட்டின் மருந்துகள் தடுப்பதும் இதைத்தான்.
3. ஆறு மெவலோனேட் மூலக்கூறுகள் கார்பன் டை ஆக்சைடை இழந்து இணைந்து, 30 கார்பன்கள் கொண்ட ஸ்குவாலீன் என்ற நீண்ட சங்கிலியாகின்றன.
4. லானோஸ்டெரால் சிந்தேஸ் என்ற நொதி, ஆக்சிஜன் ஏற்ற ஸ்குவாலீனை மடித்து நான்கு வளையங்கள் கொண்ட லானோஸ்டெராலாக்குகிறது.
5. பின்னர் பல படிகளில் மூன்று கார்பன்கள் நீக்கப்பட்டு, இரட்டைப் பிணைப்புகள் மாற்றியமைக்கப்பட்டு, 27 கார்பன்கள் கொண்ட கொலஸ்ட்ரால் கிடைக்கிறது.

ஆக, ஒரு கொலஸ்ட்ரால் மூலக்கூறுக்கு 18 அசிட்டைல் கோ-ஏ செலவாகிறது. கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலம் ஆகியவற்றின் வளர்சிதை மாற்றத்தை ஆராய்ந்ததற்காகக் கொன்ராட் பிளாக், ஃபியோடோர் லைனென் ஆகியோருக்கு 1964இல் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

கொழுப்பு அமிலங்களும் அசிட்டைல் கோ-ஏயிலிருந்தே பிறக்கின்றன. கொழுப்பு அமில சிந்தேஸ் என்ற பெரிய நொதி, இரண்டிரண்டு கார்பன்களாகச் சேர்த்து 16 கார்பன்கள் கொண்ட பால்மிட்டிக் அமிலத்தை உண்டாக்குகிறது. அதற்கு மேல் சங்கிலியை நீட்டும் வேலையை எலோவில் எனப்படும் நொதிக் குடும்பம் செய்கிறது. கண்ணில் இந்தக் குடும்பத்துக்குத் தனிச் சிறப்பு உண்டு. உடலில் வேறெங்கும் அரிதாகவே காணப்படும் மிக நீண்ட கொழுப்பு அமிலங்கள் விழித்திரையிலும் இமைச் சுரப்பியிலும் உருவாகின்றன.

விழிவில்லை: கொலஸ்ட்ரால் மிகுந்த சவ்வுகள்

விழிவில்லையின் முன்பக்கத்தில் ஓர் அடுக்காகப் புறத்தோல் செல்கள் உள்ளன. வில்லையின் விளிம்பில் இந்தச் செல்கள் நீண்டு நார்ச் செல்களாக மாறுகின்றன. முதிரும்போது நார்ச் செல்கள் தம் உட்கரு, மைட்டோகாண்டிரியா, எண்டோபிளாச வலை ஆகிய அனைத்தையும் இழந்துவிடுகின்றன. ஒளியைச் சிதறடிக்கும் எதுவும் உள்ளே இருக்கக் கூடாது என்பதே காரணம்.

இதனால் ஒரு சிக்கல் எழுகிறது. கொலஸ்ட்ரால் தயாரிக்கும் நொதிகளில் பல எண்டோபிளாச வலையில்தான் உள்ளன. அது மறைந்த பிறகு முதிர்ந்த நார்ச் செல்லால் புதிதாக எதையும் தயாரிக்க முடியாது. எனவே புறத்தோல் செல்களும் இளம் நார்ச் செல்களுமே முழு உற்பத்தியையும் முன்கூட்டியே செய்து முடிக்க வேண்டும். வில்லையின் நடுவில் உள்ள நார்கள் நாம் பிறப்பதற்கு முன்பே உருவானவை. அவற்றின் சவ்வுகள் அப்போது கட்டப்பட்டவை, ஆயுள் முழுவதும் தாக்குப்பிடிக்க வேண்டியவை.

எலிகளுக்குக் கதிரியக்கக் குறியிட்ட பொருட்களைச் செலுத்தி அமெரிக்க உயிர்வேதியியலாளர் ரிச்சர்ட் செனெடெல்லா செய்த ஆய்வுகள், வில்லையின் கொலஸ்ட்ரால் பெரும்பாலும் அங்கேயே உருவாவதைக் காட்டின.

வில்லையில் உள்ள கொலஸ்ட்ராலின் அளவும் வியப்புக்குரியது. பெரும்பாலான செல்களின் வெளிச்சவ்வில் ஒரு பாஸ்போலிப்பிடு மூலக்கூறுக்கு ஒன்றுக்கும் குறைவான கொலஸ்ட்ரால் மூலக்கூறே இருக்கும். மனித வில்லையின் வெளிப்பகுதியில் இது ஒன்று முதல் இரண்டு வரையிலும், நடுப்பகுதியில் மூன்று அல்லது நான்கு வரையிலும் உயர்கிறது. இவ்வளவு கொலஸ்ட்ராலைச் சவ்வால் கலந்து வைத்துக்கொள்ள முடியாது. மிகுதி, சவ்வுக்குள்ளேயே தூய கொலஸ்ட்ரால் திட்டுகளாகப் பிரிந்து நிற்கிறது. இந்த அமைப்பு சவ்வை உறுதியாக்கி, ஆக்சிஜன் உள்ளே ஊடுருவுவதைக் குறைத்து, வில்லைப் புரதங்களைக் காக்க உதவுகிறது என்று கருதப்படுகிறது.

விலங்குக்கு விலங்கு வேறுபாடும் உண்டு. எலி போன்ற குறுகிய ஆயுள் கொண்டவற்றின் வில்லையில் எளிதில் ஆக்சிஜனேற்றம் அடையும் பாஸ்போலிப்பிடுகள் அதிகம். மனிதன், திமிங்கிலம் போன்ற நீண்ட ஆயுள் கொண்டவற்றில் எளிதில் கெடாத ஸ்பிங்கோலிப்பிடுகள் மிகுதி. 200 ஆண்டுகளுக்கும் மேல் வாழக்கூடிய போஹெட் திமிங்கிலத்தின் வில்லையும் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது.

உற்பத்தி தடைபட்டால்: எம்.இ.ஆர்./29 கற்றுத்தந்த பாடம்

1960இல் அமெரிக்காவில் டிரைபரனால் என்ற மருந்து விற்பனைக்கு வந்தது. எம்.இ.ஆர்./29 என்பது அதன் வணிகப் பெயர். இரத்தக் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் புதிய மருந்து என்று அறிமுகமாகி, லட்சக்கணக்கானோருக்குப் பரிந்துரைக்கப்பட்டது. அது கொலஸ்ட்ரால் உற்பத்தியின் கடைசிப் படியை அடைத்தது. ஆகவே கொலஸ்ட்ரால் குறைந்தது, அதற்கு முந்தைய பொருளான டெஸ்மோஸ்டெரால் உடலில் குவிந்தது.

விரைவில் சிலருக்கு முடி உதிர்ந்தது, தோல் வறண்டு செதிலானது, கண்புரை வந்தது. 1962 ஏப்ரலில் மருந்து திரும்பப் பெறப்பட்டது. விலங்குச் சோதனைகளில் தெரிந்த பாதிப்புகளைத் தயாரிப்பு நிறுவனம் அரசிடம் மறைத்திருந்தது பின்னர் வெளிவந்தது. வழக்கில் நிறுவனம் எதிர்வாதம் செய்யவில்லை. 1964இல் அதற்கு அபராதம் விதிக்கப்பட்டது.

இந்தக் கசப்பான நிகழ்வு அறிவியலுக்கு ஓர் உண்மையைத் தந்தது. கல்லீரலில் உற்பத்தியைத் தடுக்கும் மருந்து வில்லையை எட்டினால், அங்கும் தடுக்கும். கல்லீரலுக்கு உணவு வழியாகவும் கொலஸ்ட்ரால் கிடைக்கும். வில்லைக்கு அந்த மாற்று வழி இல்லை.

மரபு நோய்களும் கண்புரையும்

மருந்து செய்ததை மரபணுப் பிழைகளும் செய்கின்றன.

சுமியா எலி: ஜப்பானில் வளர்க்கப்பட்ட இந்த எலி வகைக்கு இளம் வயதிலேயே கண்புரை வருகிறது. லானோஸ்டெரால் சிந்தேஸ் மரபணுவிலும், ஸ்குவாலீனை உருவாக்கும் நொதியின் மரபணுவிலும் உள்ள மாற்றங்களே இதற்குக் காரணம் என்று 2006இல் கண்டறியப்பட்டது.

ஸ்மித்-லெம்லி-ஓபிட்ஸ் நோய்: 1964இல் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. கொலஸ்ட்ரால் உற்பத்தியின் இறுதி நொதிகளில் ஒன்று குறைபடுவதால் வருவது. குழந்தைகளுக்கு வளர்ச்சிக் குறைபாடுகள் ஏற்படுகின்றன. ஒரு பகுதியினருக்குக் கண்புரையும் காணப்படுகிறது.

செரிப்ரோடெண்டினஸ் சாந்தோமாட்டோசிஸ்: இதில் உற்பத்தி அன்றி, கொலஸ்ட்ராலைப் பித்த அமிலமாக மாற்றும் வழி பழுதாகிறது. கொலஸ்டனால் என்ற பொருள் மூளையிலும் தசைநாண்களிலும் வில்லையிலும் சேர்கிறது. நீடித்த வயிற்றுப்போக்கும் சிறுவயதுக் கண்புரையும் இதன் தொடக்க அறிகுறிகள். நரம்புப் பாதிப்பு பல ஆண்டுகள் கழித்தே தெரியவரும். தொடக்கத்திலேயே கண்டறிந்தால் கீனோடிஆக்சிகோலிக் அமிலம் கொடுத்து அந்தப் பாதிப்பைப் பெரிதும் தடுக்கலாம். ஆகவே காரணம் தெரியாத கண்புரை ஒரு குழந்தைக்கு இருந்தால், அறுவை சிகிச்சையோடு நிறுத்திவிடாமல் இந்த நோய்க்கான பரிசோதனையையும் செய்துபார்ப்பது நல்லது.

லானோஸ்டெரால் சொட்டு மருந்து: எதிர்பார்ப்பும் உண்மையும்

2015இல் நேச்சர் ஆய்விதழில் வந்த ஒரு கட்டுரை பெரும் கவனம் பெற்றது. பிறவிக் கண்புரை உள்ள இரண்டு குடும்பங்களில் லானோஸ்டெரால் சிந்தேஸ் மரபணு பழுதாகியிருப்பதை ஆய்வாளர்கள் கண்டனர். திரண்டுபோன வில்லைப் புரதங்களை லானோஸ்டெரால் கரைப்பதாகவும், நாய்களின் கண்புரையை அது குறைத்ததாகவும் அறிவித்தனர். கத்தியின்றிக் கண்புரை குணமாகும் என்ற நம்பிக்கை பரவியது.

அடுத்து வந்த சோதனைகள் அந்த நம்பிக்கையை உறுதிப்படுத்தவில்லை. இந்தியாவில் அறுவை சிகிச்சையின்போது அகற்றப்பட்ட மனித வில்லைகளை லானோஸ்டெரால் கரைசலில் வைத்துப் பார்த்தபோது தெளிவு திரும்பவில்லை. பிற ஆய்வகங்களும் இதையொத்த முடிவையே எட்டின. முற்றிய கண்புரைக்கு நிறுவப்பட்ட சிகிச்சை இன்றும் அறுவை சிகிச்சை மட்டுமே. இணையத்தில் லானோஸ்டெரால் என்ற பெயரில் விற்கப்படும் சொட்டு மருந்துகளை நம்பிக் காலம் தாழ்த்துவது ஆபத்தானது.

விழித்திரை: நாள்தோறும் புதுப்பிக்கப்படும் சவ்வு

விழித்திரையின் குச்சி செல், கூம்பு செல் ஆகியவற்றின் வெளிமுனையில் ஒளியைப் பிடிக்கும் சவ்வுகள் நாணயங்களை அடுக்கியது போல நூற்றுக்கணக்கில் அடுக்கப்பட்டிருக்கின்றன. இந்தத் தட்டுகள் நிலையானவை அல்ல. குச்சி செல்லின் அடியில் புதிய தட்டுகள் தோன்றிக்கொண்டே இருக்கும், நுனியில் பழையவை உதிர்ந்துகொண்டே இருக்கும். அமெரிக்க ஆய்வாளர் ரிச்சர்ட் யங் 1967இல் எலி, தவளை ஆகியவற்றில் கதிரியக்க அமினோ அமிலங்களைக் கொண்டு இதை நிறுவினார். எலியில் ஏறத்தாழ பத்து நாட்களில் அடுக்கு முழுவதும் புதுப்பிக்கப்படுகிறது. தவளையில் இதற்குப் பல வாரங்கள் ஆகும்.

இவ்வளவு சவ்வை நாள்தோறும் கட்டுவதற்குக் கொழுப்பு தொடர்ந்து வேண்டும். அது மூன்று வழிகளில் கிடைக்கிறது.

முதலாவது, உள்ளூர்க் கொலஸ்ட்ரால். சுண்டெலிகளில் 2016இல் வெளியான ஓர் ஆய்வின்படி, விழித்திரைக்குக் கிடைக்கும் கொலஸ்ட்ராலில் சுமார் 72 விழுக்காடு அங்கேயே உருவாகிறது. மீதி 28 விழுக்காடு இரத்தத்திலிருந்து வருகிறது. புதிதாகப் பிறந்த தட்டுகளில் கொலஸ்ட்ரால் அதிகம். நுனியை நோக்கி நகர நகர அது குறைகிறது.

இரண்டாவது, உள்ளூர்க் கொழுப்பு அமிலங்கள். கொழுப்பு அமில சிந்தேஸ் நொதியைச் சுண்டெலியின் விழித்திரையில் மட்டும் நீக்கியபோது ஒளி ஏற்பி செல்கள் அழிந்தன. அந்த எலிகள் உண்ட உணவிலும் அவற்றின் இரத்தத்திலும் கொழுப்பு இருந்தும் அது போதவில்லை.

மூன்றாவது, உணவு வழி வரும் டி.எச்.ஏ. என்ற ஒமேகா-3 கொழுப்பு அமிலம். வெளித்தட்டுகளின் கொழுப்பு அமிலங்களில் இதுவே மிகுதி. விலங்குகளின் உடலால் ஒமேகா-3 அமிலங்களை அடியிலிருந்து தயாரிக்க முடியாது. மீனிலிருந்து நேரடியாக டி.எச்.ஏ. கிடைக்கும். ஆளிவிதை போன்றவற்றிலிருந்து அதன் மூலப்பொருள் கிடைக்கும், கல்லீரல் அதில் ஒரு சிறு பகுதியை டி.எச்.ஏ.யாக மாற்றும். எனவே கண் எல்லாவற்றையும் தானே தயாரித்துக்கொள்கிறது என்று சொல்லிவிட முடியாது.

இத்தகைய அமிலங்களை எலோவில்-4 நொதி மேலும் நீட்டி, 38 கார்பன்கள் வரை கொண்ட சங்கிலிகளாக்குகிறது. இந்த நொதியின் மரபணு பழுதானால் ஸ்டார்கார்ட் நோயைப் போன்ற மாகுலாச் சிதைவு இளம் வயதிலேயே தோன்றுகிறது. இது 2001இல் கண்டறியப்பட்டது.

கழிவை அகற்றுதல்

உற்பத்தி இருக்கும் இடத்தில் கழிவும் இருக்கும். உதிர்ந்த தட்டுகளை விழித்திரையின் நிறமி அடுக்குச் செல்கள் விழுங்கிச் செரிக்கின்றன. அதில் கிடைக்கும் கொழுப்பு அமிலங்களின் ஒரு பகுதியை எரித்து, கீட்டோன் பொருளாக்கி, ஒளி ஏற்பி செல்களுக்கே எரிபொருளாகத் திருப்பித் தருகின்றன. கொலஸ்ட்ராலை இவ்வாறு எரிக்க முடியாது. எனவே சில நொதிகள் அதில் ஆக்சிஜனைச் சேர்த்து எளிதில் வெளியேறும் பொருளாக மாற்றுகின்றன. நிறமி அடுக்கு கொழுப்புப் புரதத் துகள்களைத் தயாரித்து இரத்தத்தின் பக்கம் அனுப்பவும் செய்கிறது.

வயது ஏற ஏற இந்தத் துகள்கள் வெளியேறும் பாதையிலுள்ள புரூக் சவ்வில் தேங்குகின்றன. ட்ரூசென் எனப்படும் மஞ்சள் படிவுகளில் கொலஸ்ட்ராலும் அதன் எஸ்டர்களும் நிறைய உள்ளன. முதுமைக்கால மாகுலாச் சிதைவின் முக்கிய அடையாளம் இந்தப் படிவுகளே.

இமைச் சுரப்பிகள்: கண்ணீரைக் காக்கும் எண்ணெய்

இமைகளின் ஓரத்தில் இமைமயிருக்குப் பின்னால் வரிசையாகச் சிறு துளைகள் உண்டு. அவை மெய்போமியன் சுரப்பிகளின் வாய்கள். 1666இல் இவற்றை விரிவாக விவரித்த ஜெர்மானிய மருத்துவர் ஹைன்ரிக் மெய்போமின் பெயர் இவற்றுக்கு இடப்பட்டது. மனிதனின் மேல் இமையில் சுமார் 25 முதல் 40 வரையும், கீழ் இமையில் சுமார் 20 முதல் 30 வரையும் உள்ளன.

இந்தச் சுரப்பியின் செல்கள் கொழுப்பைத் தயாரித்துத் தமக்குள் நிரப்பிக்கொண்டு, இறுதியில் தாமே வெடித்துச் சுரப்பாகின்றன. ஒவ்வொரு முறை இமைக்கும்போதும் இந்த எண்ணெய் கண்ணீரின் மேல் மெல்லிய படலமாகப் பரவி, நீர் ஆவியாவதைத் தடுக்க உதவுகிறது.

இதில் முதன்மையானவை மெழுகு எஸ்டர்களும் கொலஸ்ட்ரால் எஸ்டர்களும். கொலஸ்ட்ராலை நீண்ட கொழுப்பு அமிலத்துடன் இணைக்கும் நொதியை நீக்கிய சுண்டெலிகளின் இமைச் சுரப்பு மாறிப்போய், கண் இடைவெளி சுருங்கியது. மெழுகு எஸ்டர் தயாரிக்கும் நொதியை நீக்கியபோது கண் உலர்வு ஏற்பட்டது.

இந்த எண்ணெய் உடல் வெப்பத்தை ஒட்டிய நிலையில் உருகக்கூடியது. சுரப்பி கெட்டால் எண்ணெய் கெட்டியாகித் துளையை அடைக்கும். அதனால்தான் இமைக்கு வெதுவெதுப்பான ஒத்தடம் கொடுக்கச் சொல்கிறார்கள். திரையைப் பார்க்கும்போது நாம் குறைவாக இமைப்பதால், எண்ணெய் வெளிவருவதும் பரவுவதும் குறையும். முகப்பருவுக்குத் தரப்படும் ஐசோட்ரெடினோயின் மருந்து இந்தச் சுரப்பிகளைச் சுருங்கச் செய்வதால், அதை உட்கொள்வோருக்குக் கண் உலர்வு வருவதுண்டு.

ஹார்டர் சுரப்பி

சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த யோகான் யாக்கோப் ஹார்டர் 1694இல் மானின் கண்குழியில் கண்டு விவரித்த சுரப்பி இது. மூன்றாவது இமை உள்ள பல விலங்குகளில், குறிப்பாக எலி, முயல், பறவை, ஊர்வன ஆகியவற்றில், இது நன்கு வளர்ந்திருக்கிறது. வளர்ந்த மனிதரில் இல்லை. கொறி விலங்குகளில் இது கொழுப்பைச் சுரந்து கண்ணுக்கு வழுவழுப்பைத் தருகிறது. மங்கோலிய ஜெர்பில் எலி இந்தச் சுரப்பை முன்னங்கால்களால் உடல் மயிரில் பூசிக்கொண்டு குளிரிலிருந்தும் ஈரத்திலிருந்தும் தன்னைக் காத்துக்கொள்கிறது.

இரத்தத்திலிருந்து வந்து படியும் கொழுப்பு

கண்ணில் காணப்படும் எல்லாக் கொழுப்பும் அங்கே உருவானதன்று. கருவிழியின் ஓரத்தில் தோன்றும் வெண்சாம்பல் வளையமும், இமைத் தோலில் வரும் மஞ்சள் தட்டைத் திட்டுகளும் இரத்தத்திலிருந்து கசிந்து படிந்தவை. முதியவர்களிடம் வளையம் இயல்பாகவே வருவதுண்டு. 40 வயதுக்குள் வந்தால் இரத்தக் கொலஸ்ட்ராலைப் பரிசோதிக்க வேண்டும். பரம்பரையாக வரும் மிகை கொலஸ்ட்ராலின் அடையாளமாக அது இருக்கலாம்.

ஸ்டேட்டின் மருந்துகளும் கண்ணும்

டிரைபரனாலின் கதையைப் படித்தவர்களுக்கு, இன்றைய ஸ்டேட்டின் மருந்துகளும் கண்ணைக் கெடுக்குமோ என்ற ஐயம் எழுவது இயல்பு. மிக அதிக அளவில் சில ஸ்டேட்டின்கள் கொடுக்கப்பட்ட நாய்களுக்குக் கண்புரை வந்தது உண்மை. ஆனால் மனிதருக்குத் தரப்படும் அளவு அதைவிட மிகக் குறைவு. மனிதரில் செய்யப்பட்ட ஆய்வுகள் ஒன்றுக்கொன்று மாறுபட்ட முடிவுகளைத் தந்துள்ளன. பெரிய ஆபத்து எதுவும் நிறுவப்படவில்லை. மாரடைப்பையும் பக்கவாதத்தையும் தடுப்பதில் ஸ்டேட்டின்களின் பயன் உறுதியாக நிறுவப்பட்டுள்ளது. எனவே மருத்துவரைக் கேட்காமல் இம்மருந்தை நிறுத்தக் கூடாது. பார்வை மங்கினால் கண் மருத்துவரிடம் காட்டி, உட்கொள்ளும் மருந்துகளின் பட்டியலையும் சொல்ல வேண்டும்.

சுருக்கம்

- விழிவில்லை: புறத்தோல் செல்களும் இளம் நார்களும் கொலஸ்ட்ராலைத் தயாரிக்கின்றன. உற்பத்தி தடைபட்டால் கண்புரை.
- விழித்திரை: கொலஸ்ட்ராலின் பெரும்பகுதியும் மிக நீண்ட கொழுப்பு அமிலங்களும் உள்ளூரில் உருவாகின்றன. ஒமேகா-3 உணவிலிருந்து வர வேண்டும். கழிவு தேங்கினால் ட்ரூசென் படிவுகள்.
- மெய்போமியன் சுரப்பி: மெழுகு எஸ்டர், கொலஸ்ட்ரால் எஸ்டர் ஆகியவற்றைச் சுரக்கிறது. சுரப்பு குறைந்தால் கண் உலர்வு.
- ஹார்டர் சுரப்பி: கொறி விலங்குகள், முயல் முதலியவற்றில் கண்ணுக்கு வழுவழுப்பு தரும் கொழுப்பைச் சுரக்கிறது.
- கருவிழி வளையம், இமைத் திட்டு: கண்ணில் உருவாவதில்லை, இரத்தத்திலிருந்து படிகிறது.